அழித்த பிறகும் இடம் ஏன் திரும்பி வருவதில்லை?

ஏப்ரல் மாதம் பிறந்தால் எங்கள் புளோக்கில் கீழ்மாடி அக்கா வீட்டு விளக்கு நள்ளிரவு வரை எரியும். அவர் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை. தமிழ்மொழி விழாவை ஒட்டிப் பிள்ளைகள் போடும் நாடகத்தையும் கதை சொல்லும் போட்டியையும் அவரே படம் பிடித்து, அவரே தொகுத்துக் கொடுப்பார். இந்த முறை ஒரு புதன்கிழமை இரவு பத்தரை மணிக்கு அழைப்பு வந்தது.

“தம்பி, தூங்கிட்டீங்களா? லேப்டாப்ல இடமே இல்லைங்குது. பழைய வீடியோ பன்னிரண்டு ஜிபி அழிச்சுட்டேன். அந்தச் சிவப்புக் கோடு அசையவே மாட்டேங்குது. நாளைக்குப் பள்ளியில வீடியோவக் காட்டணும்.”

“அக்கா, இனிமே எதையும் அழிக்காதீங்க. இதோ கீழ வர்றேன்.”

இடம் தீர்ந்துபோன கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பதற்றத்தில் கை போவது கண்ணுக்குத் தெரிந்த கோப்புகளின் மேல்: குடும்பப் படம், பிள்ளையின் நாடகம், பழைய கடிதம். இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதோ பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத வேறொன்று. அதனால்தான் நினைவுகள் போய்விடுகின்றன, சிவப்புக் கோடு மட்டும் அப்படியே நிற்கிறது. அழிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்த இடத்தை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

அந்தக் கேள்விக்குப் பதில் தேட, ‘அழி’ என்று நாம் சொன்னதும் கணினி உண்மையில் என்ன செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பெயர்ப்பலகை, பதிவேடு, அறை

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் பல மாடிக் கடைத்தொகுதி ஒன்றுக்குள் நுழைவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகை. தையல்கடை மூன்றாம் மாடி, 12ஆம் எண். பயண முகவர் இரண்டாம் மாடி, 7ஆம் எண். பலகையில் இருப்பது பெயரும் எண்ணும்தான். எந்த அறைகள் யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன, மொத்தம் எத்தனை அறை, எப்போது குடிவந்தார்கள் என்பதெல்லாம் நிர்வாக அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கும். தையல் எந்திரமும் துணியும் அறைக்குள் இருக்கும்.

வட்டில் கோப்புகளை ஒழுங்காக வைத்திருக்கும் ஏற்பாட்டுக்குக் கோப்பு முறைமை என்று பெயர். விண்டோஸில் என்டிஎஃப்எஸ், மேக்கில் ஏபிஎஃப்எஸ், லினக்ஸில் பெரும்பாலும் எக்ஸ்ட்4. எல்லாவற்றிலும் இந்த மூன்று அடுக்கும் ஏதோ ஒரு வடிவில் உண்டு. கோப்புறை என்பது பெயர்ப்பலகை. லினக்ஸ்காரர்கள் ஐநோட் என்று சொல்வது பதிவேட்டில் ஒரு பக்கம். வட்டை ஒரே அளவான சிறு கட்டங்களாகப் பிரித்து வைத்திருப்பார்கள், அவைதான் அறைகள். தொழிலில் இருப்பவர்கள் அந்தக் கட்டத்தை பிளாக் என்பார்கள். ஒரு கட்டம் பெரும்பாலும் 4 கேபி, அதாவது 4,096 பைட்டுகள்.

இப்போது ஒரு கோப்பை அழிக்கிறீர்கள். பலகையிலிருந்து ஒரு பெயர் கழற்றப்படுகிறது. அவ்வளவுதான். லினக்ஸ், மேக் போன்று யூனிக்ஸ் வழி வந்த முறைமைகளில் இந்த வேலையைச் செய்யும் உள்கட்டளையின் பெயரே ‘அன்லிங்க்’, இணைப்பை அவிழ்ப்பது. அதற்குப் பிறகுதான் நிர்வாகம் பதிவேட்டைப் பார்க்கும்: இந்த அறைகளுக்கு வேறு பெயர் ஏதும் பலகையில் இருக்கிறதா? உள்ளே யாராவது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்களா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால் மட்டுமே அறைகள் காலிப் பட்டியலில் சேரும்.

அப்போதும்கூட அறையை யாரும் கூட்டிப் பெருக்குவதில்லை. பழைய குடித்தனக்காரர் சுவரில் ஒட்டிய படம் அப்படியே இருக்கும், அடுத்தவர் வந்து வேறு வண்ணம் பூசும் வரை. தவறுதலாக அழித்த படங்களைச் சில மென்பொருள்கள் மீட்டுத் தருவது இதனால்தான். அதனால் முக்கியமான கோப்பு தவறிப் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே அந்தக் கணினியில் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும். மீட்பு மென்பொருளை அதே வட்டில் இறக்கி நிறுவுவது, தேடிக்கொண்டிருக்கும் பொருளின் மேலேயே சிமெண்டு பூசுவது போல.

குப்பைத்தொட்டி என்னும் இன்னொரு பலகை

அக்காவின் பன்னிரண்டு ஜிபி எங்கே போனது? எங்கும் போகவில்லை. குப்பைத்தொட்டியில் இருந்தது. விண்டோஸின் ரீசைக்கிள் பின் வேறு ஒரு கோப்புறைதான். பெயர் ஒரு பலகையிலிருந்து கழன்று இன்னொரு பலகையில் மாட்டப்படுகிறது. அறைகள் அசைவதில்லை. தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் வரும்.

இந்தத் தொட்டிக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அதைவிடப் பெரிய கோப்பை அழித்தால், நிரந்தரமாகப் போய்விடும் என்று ஓர் எச்சரிக்கை வரும். அவசரத்தில் நாம் படிக்காமலே ‘சரி’ என்று தட்டிவிடுவோம். தொட்டி நிரம்பினால் பழையவை தாமாகவே வெளியேறிவிடும். ஆகவே தொட்டியை நம்பி எதையும் பல நாள் வைத்திருக்கக் கூடாது. விண்டோஸில் விரலியிலிருந்து, அதாவது யூஎஸ்பி தம்ப் டிரைவிலிருந்து, அழித்தால் பொதுவாகத் தொட்டிக்கே போகாது, நேராகப் போய்விடும். மேக்கில் இதற்கு நேர்மாறு: விரலியிலேயே ஒரு மறைவான தொட்டி உருவாகும். பள்ளியில் ஒருவர் மேக்கில் விரலியைக் காலி செய்து கொடுக்க, வாங்கியவர் “கோப்பே இல்லை, இடமும் இல்லையே” என்று திகைப்பது இதனால்தான். மேக்கில் மறுபடி செருகித் தொட்டியைக் காலி செய்தால் சரியாகிவிடும்.

கைப்பேசியிலும் இப்படித்தான். ஐபோனில் அழித்த படங்கள் ‘அண்மையில் அழித்தவை’ என்ற தொகுப்பில் 30 நாள்வரை இடத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும்.

இங்கே ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். ஒன்டிரைவ், ஐகிளவுட், கூகல் ஃபோட்டோஸ் போன்ற மேகச் சேமிப்போடு இணைந்த கோப்புறை வெறும் நகல் இல்லை, அது ஒரு கண்ணாடி. இங்கே அழித்தால் அங்கும் அழியும், உங்கள் மகளின் கைப்பேசியிலும் அழியும். “மேகத்தில்தான் இருக்கிறதே” என்று நம்பிக் கணினியில் அழித்துவிட்டு எல்லா இடத்திலும் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மிகவும் வருந்த வைக்கும் தவறு இது. ஒன்டிரைவில் கோப்பின் மேல் வலப்பக்கச் சொடுக்கு போட்டால் ‘இடத்தை விடுவி’ என்ற பொருளில் தனியாக ஒரு தெரிவு இருக்கும். அது கணினியிலுள்ள அறைகளை மட்டும் காலி செய்துவிட்டுப் பெயரைப் பலகையில் விட்டுவைக்கும், திறந்தால் இணையத்திலிருந்து வந்துவிடும். ‘அழி’ என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

டிஷ்யூ பாக்கெட் இருக்கும் மேசை

ஞாயிறு மதியம் தேக்கா உணவங்காடி நிலையத்துக்குப் போனவர்களுக்கு இது தெரியும். தட்டை ஏந்திக்கொண்டு சுற்றும்போது ஒரு மேசையில் ஆளே இல்லை. கிட்டே போனால் நடுவில் ஒரு டிஷ்யூ பாக்கெட். யாரோ இடம் பிடித்துவிட்டு பிரியாணி வாங்க வரிசையில் நிற்கிறார்கள். உட்கார்ந்திருப்பவர்களை எண்ணினால் அந்த மேசை காலி. உட்கார இடம் தேடினால் அது காலியில்லை.

லினக்ஸிலும் மேக்கிலும் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நீங்கள் தாராளமாக அழிக்கலாம். பெயர் போய்விடும். ஆனால் அந்த நிரல் கோப்பை மூடும் வரை அறைகள் அதன் வசமே இருக்கும். விண்டோஸில் பெரும்பாலும் ‘வேறொரு நிரல் இதைப் பயன்படுத்துகிறது’ என்று தடுத்துவிடும். லினக்ஸ் தடுக்காது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரவு இரண்டு மணிக்கு ஒரு சர்வரின் வட்டு நூறு விழுக்காடு நிரம்பிவிட்டது. ஒரு பதிவுக் கோப்பு, அதாவது லாக், 60 ஜிபிக்கு வளர்ந்திருந்தது. பணியிலிருந்தவர் அதை அழித்தார். வட்டு இன்னும் நூறு விழுக்காடு. பயந்துபோய் அடுத்துக் கண்ணில் பட்ட பெரிய கோப்புறையை அழித்தார். அது மூன்று வாரக் கணக்குப் பதிவுகளின் ஒரே பேக்கப். கடைசியில் அந்தச் சேவையை நிறுத்தி மறுபடி தொடங்கியதும் 60 ஜிபி ஒரே நொடியில் திரும்பி வந்தது. பேக்கப் திரும்பவில்லை. அந்த இரவை நான் மறக்கவில்லை. அவர் திறமையானவர். ‘யார் பிடித்திருக்கிறார்கள்’ என்று பார்க்க அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

லினக்ஸில் இதைக் கண்டுபிடிக்க இரண்டு கட்டளைகள் போதும். டிஎஃப் என்பது கோப்பு முறைமையின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, எத்தனை அறை காலி என்று சொல்லும். டியூ என்பது பலகை பலகையாக நடந்து, பெயருள்ள கோப்புகள் எவ்வளவு இடம் எடுத்திருக்கின்றன என்று கூட்டிச் சொல்லும். ஒன்று காலி மேசைகளை எண்ணுகிறது, மற்றொன்று உட்கார்ந்திருப்பவர்களை எண்ணுகிறது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் எங்கோ டிஷ்யூ பாக்கெட் இருக்கிறது என்று பொருள். எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளை, பெயர் அழிந்தும் திறந்திருக்கும் கோப்புகளையும் அவற்றைப் பிடித்திருக்கும் நிரல்களையும் காட்டிக்கொடுக்கும். அந்த நிரலை மறுதொடக்கம் செய்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் லாக் கோப்பை அழிக்காமல், அதன் நீளத்தைப் பூச்சியமாக்குவது இன்னும் நல்ல வழி. அதற்கு டிரங்கேட் என்றொரு கட்டளை இருக்கிறது. லாக் மறுபடி மறுபடி பெருத்தால் லாக்ரொட்டேட் என்ற கருவி அவ்வப்போது பழையதைச் சுருக்கி, மிகப் பழையதைத் தானே நீக்கிவிடும்.

வீட்டுக் கணினியில் இதே நிலை வந்தால், ஒருமுறை அணைத்து மீண்டும் போடுங்கள். எல்லா நிரல்களும் கையை எடுத்துவிடும்.

ஒரே அறைக்கு இரண்டு பெயர்

ஒரே கடை பலகையில் இரண்டு பெயரில் இருக்கலாம். கோப்புக்கும் அப்படி உண்டு. அதை ஹார்ட் லிங்க் என்பார்கள். பதிவேட்டுப் பக்கத்தில் ‘இந்த அறைகளுக்கு எத்தனை பெயர்’ என்று ஓர் எண் இருக்கும். ஒரு பெயரை நீக்கினால் எண் இரண்டிலிருந்து ஒன்றாகும், இடம் வராது.

விண்டோஸ் கோப்புறைக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்றைப் பார்த்து, “இதுவே இத்தனை ஜிபியா!” என்று அதிர்ந்து அழிக்கப் போகிறவர்கள் பலர். அதிலுள்ள கோப்புகள் பலவற்றுக்கு விண்டோஸின் மற்ற கோப்புறைகளிலும் பெயர் உண்டு. இரண்டு இடத்திலும் எண்ணப்படுவதால் உண்மையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அதில் கைவைத்தால் விண்டோஸே எழுந்திருக்காமல் போகலாம். தொடவே தொடாதீர்கள்.

நேற்றைய நிலையின் படம்

புதிய கோப்பு முறைமைகளில் ஸ்னாப்ஷாட் என்ற வசதி இருக்கிறது. ஒரு நொடியில் பதிவேடு முழுவதையும் அப்படியே உறைய வைத்துப் பத்திரப்படுத்துவது. உறைய வைத்த பதிவேட்டில் இருக்கும் அறைகளை, அந்தப் பதிவேடு இருக்கும்வரை, யாருக்கும் தர முடியாது. நீங்கள் இன்று பெயரைக் கழற்றினாலும் நேற்றைய பதிவேடு ‘அது என்னுடையது’ என்று பிடித்துக்கொள்ளும்.

மேக்கில் 2017இல் ஏபிஎஃப்எஸ் வந்ததிலிருந்து இது சாதாரணம். மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷினைப் போட்டிருந்தால், வெளி வட்டு இணைக்காதபோதும் மணிக்கொரு முறை உள்வட்டிலேயே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து 24 மணி நேரம்வரை வைத்திருக்கும். மாலையில் 50 ஜிபி படத்தை அழித்துத் தொட்டியையும் காலி செய்த பிறகு இடம் கூடவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு நாள் பொறுத்தால் வந்துவிடும், அல்லது இடநெருக்கடி வந்தால் மேக் தானே விடுவித்துவிடும். விண்டோஸின் மீட்புப் புள்ளிகளும் இதே இனம். ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றதை நீக்கலாம். எல்லாவற்றையும் அணைத்துவிடுவதை நான் விரும்ப மாட்டேன்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம்

அக்கா கேட்ட இன்னொரு கேள்வி: “வாங்கும்போது 256னு சொன்னாங்க. இதுல 238கூடக் காட்டலையே?” வட்டு செய்பவர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024ஐ மூன்று முறை பெருக்கி வரும் எண்ணை ஒரு ஜிபி என்கிறது. 256ஐ அந்தக் கணக்கில் போட்டால் 238.4. மீட்புக்கென்று ஒதுக்கிய சிறு பகுதிகளும் போனால் இன்னும் கொஞ்சம் குறையும். யாரும் ஏமாற்றவில்லை, அளவுகோல்தான் வேறு. ஆப்பிள் 2009இலிருந்து மேக்கில் ஆயிரக் கணக்கையே காட்டுவதால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை.

அறைகளைப் பாதியாகத் தர முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். 5 கேபி கோப்புக்கு இரண்டு கட்டம் வேண்டும், ஆக 8 கேபி. ஒரு கோப்பின் பண்புகளைத் திறந்தால் ‘அளவு’ என்றும் ‘வட்டில் அளவு’ என்றும் இரண்டு எண் தெரிவது இதனால்தான். பெரிய வீடியோவில் இந்த வீணடிப்பு ஒன்றுமே இல்லை. இலட்சக்கணக்கான குட்டிக் கோப்புகளில்தான் உறைக்கும்.

குட்டிக் கோப்புகள் செய்யும் வேறொரு வேலை இன்னும் விசித்திரமானது. எக்ஸ்ட்4இல் பதிவேட்டின் பக்கங்கள் வட்டைத் தயார்செய்யும்போதே எண்ணி வைக்கப்படுகின்றன. வழக்கமாக 16 கேபிக்கு ஒரு பக்கம். 100 ஜிபி வட்டுக்கு ஏறத்தாழ 6.5 மில்லியன் பக்கங்கள். இணையத்தளச் சர்வர் ஒன்று வருகையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு குட்டிக் கோப்பை எழுதிவிட்டு நீக்க மறந்தால், பக்கங்கள் தீர்ந்துவிடும். பாதி அறைகள் காலியாக இருந்தும் ‘இடமில்லை’ என்றே கணினி சொல்லும். புதுக் குடித்தனத்தைப் பதிய ஏடு இல்லையே! டிஎஃப் கட்டளையோடு ஐ என்ற எழுத்தைச் சேர்த்து ஓட்டினால் பக்கங்களின் கணக்கு தெரியும். இங்கே பெரிய கோப்பைத் தேடிப் பயனில்லை. எண்ணிக்கையில் மிகுந்த கோப்புறையைத் தேட வேண்டும்.

கடைசி மேசை வரை நிரப்பக் கூடாது

“அஞ்சு ஜிபி இருக்கே, போதாதா?” என்று கேட்பார்கள். போதாது. 1984இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் மெக்யூசிக்கும் அவருடைய கூட்டாளிகளும் தங்கள் வேகக் கோப்பு முறைமையைப் பற்றி எழுதியபோதே, வட்டில் ஒரு பங்கை எப்போதும் காலியாக வைத்தால்தான் வேகம் நிலைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் எளிது. காலி அறைகள் நிறைய இருந்தால் ஒரு கோப்பை அடுத்தடுத்த அறைகளில் வைக்கலாம். நெருக்கடி வந்தால் மூன்றாம் மாடியில் ஒரு துண்டு, பத்தாம் மாடியில் ஒரு துண்டு என்று சிதறும். எக்ஸ்ட்4 இன்றும் வழக்கமாக 5 விழுக்காட்டை நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைக்கிறது. சாதாரணப் பயனர் முட்டி நின்றாலும் நிர்வாகி உள்ளே வந்து சரிசெய்ய ஒரு வழி வேண்டுமே. 1 டிபி வட்டில் இது 50 ஜிபி. படங்களை மட்டும் வைக்கும் தனி வட்டானால் ட்யூன்2எஃப்எஸ் கொண்டு ஒரு விழுக்காடாகக் குறைக்கலாம். கணினி இயங்கும் வட்டில் குறைக்காதீர்கள்.

சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் இன்றைய எஸ்எஸ்டிக்கு வேறு காரணம். அதில் சிறு சிறு பக்கங்களாக (பதிவேட்டுப் பக்கம் வேறு, இது வேறு) எழுதலாம், ஆனால் அழிப்பதென்றால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த கொத்து முழுவதையும் ஒன்றாகத்தான் அழிக்க முடியும். கொத்தில் பாதி இன்னும் தேவையென்றால், அந்தப் பாதியை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அழிக்க வேண்டும். மாற்ற இடமில்லாத எஸ்எஸ்டி மூச்சுத் திணறும், தேய்மானமும் கூடும். எந்தக் கட்டங்கள் இனி வேண்டாம் என்று கணினி எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளைக்கு ட்ரிம் என்று பெயர். விண்டோஸும் இன்றைய லினக்ஸ்களும் அதைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. ஆனால் ட்ரிம் ஆன பிறகு மீட்பு மென்பொருளால் பெரும்பாலும் எதையும் எடுக்க முடியாது. சுவரில் ஒட்டிய படம் அப்படியே இருக்கும் என்று மேலே சொன்னேனே, அது பழைய ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் முழுவதும் பொருந்தும்.

நான் வீட்டுக் கணினிகளுக்குச் சொல்லும் அளவு, பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும் என்பது. வீடியோ தொகுப்பவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு.

அக்காவின் வட்டைப் படமாக்கிப் பார்த்தது

1990இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மேனின் ஆய்வுக்கூடத்தில் 80 எம்பி வட்டு ஒன்றை 14 பேர் பகிர்ந்து பயன்படுத்தினார்கள். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் இருபது படங்களுக்குள் அது நிறைந்துவிடும். அடிக்கடி நிரம்பிய அந்த வட்டில் யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாமல் அவர் தவித்துக் கண்டுபிடித்ததுதான் ட்ரீமேப்: வட்டு முழுவதையும் ஒரு செவ்வகமாக வரைந்து, ஒவ்வொரு கோப்பையும் அதன் அளவுக்கேற்ற பரப்புள்ள சிறு கட்டமாகக் காட்டுவது. பெரிய கட்டம் எதுவோ அதுவே அதிகம் பிடித்திருப்பது. விண்டோஸில் விண்டர்ஸ்டாட், மேக்கில் கிராண்ட்பெர்ஸ்பெக்டிவ் இரண்டும் இந்தப் படத்தையே வரைகின்றன. என்னைக் கேட்டால், இடப்பிரச்சினைக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. ‘சுத்தம் செய்கிறோம்’ என்று விளம்பரத்தோடு வரும் நிரல்களை வீட்டுக்குள் விடாதீர்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய அவற்றுக்குத் தெரியாது.

அக்காவின் மேசையில் விண்டர்ஸ்டாட்டை ஓட்டினோம். படம் வரைந்து முடிய சில நிமிடங்கள். தேநீர் ஆறுவதற்குள் இரண்டு பெரிய பரப்புகள் தெரிந்தன. ஒன்று 41 ஜிபி, வீடியோ தொகுக்கும் மென்பொருளின் தற்காலிகக் கோப்புகள். நான்காண்டு நாடகங்களின் முன்னோட்டத் துண்டுகள். மூலப்படம் இருக்கும்வரை இவை போனாலும் மென்பொருள் மறுபடி செய்துகொள்ளும். இத்தகையவற்றைக் கோப்புறைக்குள் புகுந்து கையால் அழிக்காமல், அந்த மென்பொருளின் அமைப்புகளுக்குள் போய் அங்குள்ள பொத்தானால்தான் நீக்க வேண்டும். அங்கேயே உச்ச வரம்பையும் போடலாம். 15 ஜிபி என்று வைத்தோம். சிவப்புக் கோடு நீலமானது.

“அப்பாடா! தம்பி, இது இத்தனை நாளா இங்கயா இருந்துச்சு?”

விண்டோஸின் அமைப்புகளில் சேமிப்பகத்துக்குள் தற்காலிகக் கோப்புகள் என்ற பட்டியலையும் திறந்தோம். புதுப்பிப்பில் மிஞ்சியவை, சிறுபடங்கள் எல்லாம் போகலாம். அதே பட்டியலில் ‘பதிவிறக்கங்கள்’ என்றும் ஒரு வரி இருக்கும். அதில் டிக் போட வேண்டாம் என்று விரல் வைத்துக் காட்டினேன், ஏனென்றால் பெற்றோர் அனுப்பிய ஒப்புதல் படிவங்கள் அங்கேதான் இருந்தன. பெரிய விண்டோஸ் மேம்பாட்டுக்குப் பிறகு விண்டோஸ்.ஓல்டு என்று பல ஜிபிக்கு ஒரு கோப்புறை நிற்பதுண்டு. அது பழைய நிலைக்குத் திரும்புவதற்கானது, பத்து நாளில் தானாகப் போய்விடும். அக்காவிடம் அது இல்லை.

இரண்டாவது பரப்பு 38 ஜிபி. ‘புதிய கோப்புறை (3)’ என்று பெயர். அக்காவுக்கே என்னவென்று தெரியவில்லை. “அழிச்சிடலாமா?” என்றார். திறந்து பார்த்தோம். கைப்பேசி மாற்றியபோது அவர் மகன் பழையதை அப்படியே நகலெடுத்து வைத்திருக்கிறான். உள்ளே வாட்ஸ்அப் குரல்பதிவுகள். 2020 ஏப்ரலில் பள்ளிகள் மூடி எல்லாரும் வீட்டிலிருந்து படித்த சர்க்கிட் பிரேக்கர் என்னும் கொவிட் முடக்க வாரங்களில், அவருடைய நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தை வாசித்து அனுப்பியவை. ஒன்றைத் தட்டினார். ஒரு பையன் தடுமாறித் தடுமாறி வாசிக்கிறான், பின்னால் குக்கர் விசில். அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அலமாரியிலிருந்து வெளி வட்டை எடுத்து வந்து செருகினார். நகலெடுக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடிந்ததும் கோப்புகளின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று பார்த்தோம், நடுவில் சிலவற்றை வெளி வட்டிலிருந்தே திறந்து கேட்டோம். நகல் திறக்கிறது என்று காதால் கேட்காமல் மூலத்தில் கைவைக்கக் கூடாது. ஒரே நகல் என்பது பேக்கப் ஆகாது என்பதால் இரண்டாவதை அவர் தம்பி வீட்டு வட்டில் வைப்பதாக முடிவு. அதுவரை அந்த 38 ஜிபி லேப்டாப்பிலேயே இருக்கட்டும் என்றேன். 41 கிடைத்துவிட்டதே, அவசரம் இல்லை.

குப்பைத்தொட்டியையும் அன்று காலி செய்யவில்லை. அதிலிருந்த பன்னிரண்டு ஜிபியில் இரண்டு நாடகங்களை அக்கா வெளியே எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுநாள் காட்ட வேண்டிய வீடியோவுக்குத் திரும்பினார்.